இரண்டாவது கார் ஹெரால்டா?

கே: வீட்டில் ஓடுகிற கார் ஒன்று இருக்கிறது. இரண்டாவதாகப் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வாங்க ஆசை. வாங்கலாமா?
– வாசகர், திருச்சி

ப: தாராளமாக! ஆனால் பெயிண்டைப் பார்த்து மயங்காமல், தரையில் படுத்து சேஸிஸைப் பாருங்கள். ஹெரால்டுக்கு சேஸிஸ் தனி. பாடி அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டியது. மேலே துரு பிடித்தால் ஒட்டுப் போடலாம். கீழே பிடித்தால் உங்கள் பர்ஸையும் சேர்த்தே அரிக்கும்.

இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்து, 1961 முதல் சென்னையில் தயாரான அழகி இவள். பானெட் மட்கார்டோடு மொத்தமாக முன்னால் கவிழும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றலாம். எந்தப் புதுக் கார் இந்த மரியாதையைத் தருகிறது?

ஒரு எச்சரிக்கை. 50 வயது தாண்டிய காருக்கு ‘விஏ’ வரிசையில் விண்டேஜ் நம்பர் கிடைக்கும். அந்த நம்பரை வாங்கினால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்புக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். காய்கறி வாங்கப் போகமுடியாது. தினசரி ஓட்ட வேண்டுமானால் பழைய நம்பரிலேயே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பியுங்கள். அட்வான்ஸ் கொடுக்குமுன் ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள்.