பெர்மனென்ட் வேலையை விடுவது எப்படி?

முதலில், விடுவதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும். ஓசூர் பக்கத்தில் பாதிப் பேருக்கு இதுவே சந்தேகம்தான். அப்ரண்டிஸ், டிரெய்னி, கான்ட்ராக்ட் என்று ஏழெட்டு வருஷம் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருப்பவர் அவசரப்பட்டு ராஜினாமா எழுத வேண்டாம். கான்ட்ராக்டர் மாறியதில் உங்கள் வேலை போன மாதமே போயிருக்கலாம். கடிதத்தை வாங்கக்கூட ஆள் இருக்காது. இந்தக் கையேடு பெர்மனென்ட் ஆனவர்களுக்கு. நான் பெர்மனென்ட். டூல் ரூமில் பதினோரு வருஷம். கம்பெனி பெயர் வேண்டாம், நல்ல சாம்பார் போட்டார்கள்.

தீபாவளி போனஸ் கைக்கு வருவதற்கு முன்னால் கலைத்தாகம் எடுத்தால் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷம் முடிந்ததா என்று பாருங்கள். கடைசியாக வாங்கிய பேசிக்கையும் டி.ஏ.வையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வந்ததை சர்வீஸ் வருஷத்தால் பெருக்குங்கள். கலைஞனாகப் போகிறவனுக்கு வாழ்க்கையில் ஒழுங்காக வரப்போகும் கடைசிக் கணக்கு இதுதான்.

அடுத்தது வீட்டில் சொல்வது. ‘பெயிண்டர்’ என்ற சொல்லை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். நான் பயன்படுத்தினேன்.

“பெயிண்டரா? சுவத்துக்கா, வண்டிக்காடா?” என்றார் அப்பா.

“கேன்வாஸுக்குப்பா.”

“அது யாரு ஊட்டுச் சுவரு?”

நகையும் செய்யப்போகிறேன் என்றதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. தங்கம் என்று நினைத்துவிட்டார். மண்ணில் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனவர் இருட்டிய பிறகுதான் திரும்பினார்.

வேப்பனப்பள்ளியில் இன்னொரு சங்கடம் உண்டு. இந்தப் பக்கம் கர்நாடகம், அந்தப் பக்கம் ஆந்திரா. பஸ் ஸ்டாண்டில் நின்றால் “என்ன வேலை?” என்பார் ஒருவர், “ஏம் பனி?” என்பார் இன்னொருவர், “ஏன் கெலஸ?” என்பார் மூன்றாமவர். பிரியாணிக் கடை பாய், “கியா காம்?” என்று முடித்துவைப்பார். மற்ற ஊர்க்காரன் ஒரு மொழியில் அவமானப்பட்டால் போதும், நமக்கு நாலு. ‘சொந்தத் தொழில்’ என்று சொல்லிப் பழகுங்கள். அதற்கு எல்லா மொழியிலும் மரியாதை உண்டு. அடுத்த கேள்வி வருவதற்குள் குருபரப்பள்ளி பஸ் ஏறிவிடலாம்.

“நிலையான வேலையை விடலாமா மாப்ளே?” என்று மாமனார் கேட்பார். பதில் சொல்லாதீர்கள். வண்டியில் உட்காரவைத்து கோலார் தங்க வயலுக்குக் கூட்டிப் போய் வாருங்கள். எங்கள் தாத்தா காலத்தில் பெர்மனென்டுக்கெல்லாம் பெர்மனென்ட் அந்தச் சுரங்க வேலைதான். 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்த ஊர். மூன்று கிலோமீட்டருக்குக் கீழே வரை இறங்கித் தங்கம் எடுத்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடினார்கள். இன்று அந்த வீடுகளின் பிள்ளைகள் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். மாமனார் அங்கே குவிந்து கிடக்கும் சயனைடு மண் மேட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். அப்போது டீ வாங்கிக் கொடுங்கள். நாம் ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம் இல்லை, திரும்பும் வழியில் நிம்மதியாக வண்டி ஓட்டலாம், அவ்வளவுதான்.

அதற்கும் மசியாவிட்டால் ஓசூரையே உதாரணம் காட்டுங்கள். 1980களில் கைக்கடிகாரம் செய்ய வந்த டைட்டன், 1994ல் தனிஷ்க் என்று நகைக்குத் திரும்பியது. ஆரம்பத்தில் 18 காரட்டில் நாகரிகமாகச் செய்து பார்த்தார்கள். நம்ம ஊர் அம்மாக்கள் 22க்குக் கீழே இறங்கவில்லை; கம்பெனிதான் ஏறி வந்தது. இன்று அந்த நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பங்கு நகையிலிருந்துதான். அவ்வளவு பெரிய கம்பெனி வேலையை மாற்றிக்கொண்டால் தொலைநோக்கு, நான் மாற்றிக்கொண்டால் கிறுக்கா மாமா என்று கேட்கலாம். ஆமாம் என்றுதான் சொல்வார்.

முன்னோடிகளைத் தேர்ந்தெடுப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். பால் காகின் வேண்டாம். பாரிஸ் பங்குச்சந்தையில் நல்ல சம்பாத்தியத்தில் இருந்தவர், 1882ல் சந்தை சரிந்ததும் முழுநேர ஓவியராகி, மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் மாமியார் வீட்டுப் பக்கம் விட்டுவிட்டு, கடைசியில் தாஹித்தித் தீவுக்குக் கப்பலேறினார். நமக்கு மாமியார் வீடு சூளகிரியில் இருக்கிறது, தப்ப முடியாது. ஹென்றி ரூசோ பரவாயில்லை. பாரிஸ் நுழைவாயிலில் சரக்கு வரி வசூலித்தவர், அதாவது செக்போஸ்ட் ஆள். நம் பக்கத்துக்குப் பொருத்தமானவர். வேலையில் இருந்துகொண்டே படம் போட்டார், 49 வயதில் 1893ல்தான் ஓய்வு பெற்று வெளியே வந்தார். பிரான்ஸைத் தாண்டாமல், பாரிஸ் தாவரத் தோட்டத்தைப் பார்த்தே புலி உலாவும் காடுகளை வரைந்தார். எங்கள் பக்கத்தில் காடு பார்க்க டிக்கெட் எடுக்க வேண்டாம், யானை தானாகவே ராகித் தோட்டத்துக்கு வரும்.

நான் கும்பிடுவது கே.சி.எஸ். பணிக்கரை. தந்தி இலாகாவிலும் இன்ஷூரன்ஸிலும் வேலை பார்த்துவிட்டு, 1936ல் இருபத்தைந்து வயதில் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தவர். பிறகு அங்கேயே முதல்வர் ஆனார். அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது அவருடைய படங்கள்கூட இல்லை, ஒரு கணக்கு. பிழைப்புக்காகப் படம் போட்டால் படம் கெடும். ஆகவே பிழைப்புக்குக் கைவினை, படத்துக்குப் படம் என்று பிரித்தார். கூட இருந்த ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் துணி, தோல், உலோகப் பொருள் என்று செய்து விற்றார்கள். அந்தக் காசில் இஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். ஆக, நகை என்பது கலைக்கு இரண்டாவது மனைவி அல்ல. சம்பளத்துக்குப் போகிற மூத்த பிள்ளை.

எந்த நகை? தங்கத்தைத் தொடாதீர்கள். உமியோட்டில் நெருப்பை மூட்டி, ஊதுகுழலில் காற்றை அளந்து விட்டு, பொடி வைத்துப் பற்றவைக்கும் வித்தையை ஆசாரி வீட்டுப் பத்து வயதுப் பையன் நம்மைவிட நன்றாகச் செய்வான். ‘பொடி வைத்துப் பேசுவது’ என்று சும்மாவா சொன்னார்கள்? எங்கே வைத்தார்கள் என்று தெரியாது, ஆனால் ஒட்டியிருக்கும். தவிர ஹால்மார்க், சேதாரம், செய்கூலி என்று தனி வியாகரணம். இன்றைய விலையில் ஒரு கிராம் கீழே விழுந்தால் குனிந்து தேடுவதிலேயே ஆயுள் போகும்.

எனவே மண். ஏரிக் களிமண்ணைக் காயவைத்து, இடித்து, தண்ணீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, பரோட்டா மாவு மாதிரி பிசைய வேண்டும். உள்ளே கொஞ்சம் ஈரம் தங்கியிருந்தாலும் சூளையில் வெடிக்கும். வெடிப்பது ஒன்று, உடைவது பக்கத்தில் இருக்கும் ஏழு. கோக்கும் துளையை ஈரம் இருக்கும்போதே போட வேண்டும், நிழலில் காயவைக்க வேண்டும். இதையெல்லாம் நான் ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டேன். டூல் ரூமில் மைக்ரான் பார்த்த கண், தோட்டுக்கு ஜோடி பிசகாது என்று கர்வமாகவும் இருந்தேன்.

அந்த கர்வத்தை வளையல் உடைத்தது. வளையல் அளவு 2.8 என்றால் டெசிமல் இல்லை. இரண்டு அங்குலமும், பதினாறில் எட்டுப் பங்கும். அதாவது உள்விட்டம் 63.5 மில்லிமீட்டர். இதைக் கண்டுபிடித்து, வெர்னியர் வைத்து, துல்லியமாக இரண்டு டஜன் செய்து சூளையில் வைத்தேன். வெளியே எடுத்து அளந்தால் 57. களிமண் காய்ந்து வெந்து வரும்போது பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும் என்பது குயவர் வீட்டுப் பாட்டிக்குத் தெரியும், டிப்ளமோ மெக்கானிக்கலுக்குத் தெரியாது. இரண்டு டஜன் 2.8 வளையலும் 2.4 ஆகிவிட்டன. கம்பெனியாக இருந்தால் ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதி, மீட்டிங் போட்டு, காரணம் கண்டுபிடித்து, என் மேல் போட்டிருப்பார்கள். இங்கே என் பெண்டாட்டி ஒன்றை எடுத்துக் கையில் மாட்டிப் பார்த்து, “என் சைஸு இதாங்க, இத்தினி வருஷத்துல இன்னிக்குத்தான் கேட்டீங்க” என்றாள். நான் கேட்கவே இல்லை.

படத்துக்கு வருவோம். இந்த மாவட்டத்தில் படம் போடுவது புதுப்பழக்கம் இல்லை. பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பாறையில் வெள்ளை நிறத்தில் வரைந்த படங்களை 1978ல் பேராசிரியர் கே.வி. ராமன் கண்டறிந்து வெளியுலகுக்குச் சொன்னார். குதிரை மேல் இரண்டு வீரர்கள் மோதிக்கொள்கிற காட்சி. நானும் குதிரைதான் வரைகிறேன், ஆனால் ஏழு. ஓசூர் புது லேஅவுட்களில் கிரகப்பிரவேசம் என்றால் வாஸ்துவுக்கு ஓடுகிற ஏழு குதிரைப் படம் வேண்டும். ஆறு வரைந்தால் வாங்க மாட்டார்கள். எட்டு என்றால் ஒன்றுக்குத் தள்ளுபடி கேட்பார்கள். மல்லப்பாடிக்காரருக்கு வாஸ்து தெரியவில்லை, அதனால்தான் பாறையிலேயே தங்கிவிட்டார். பணிக்கரின் கணக்கை நான் மீறுகிற இடம் இது, ஒப்புக்கொள்கிறேன். என் சொந்தப் படங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கின்றன. எல்லாம் எங்கள் ஊர் மார்க்கண்டேய நதி. தண்ணீர் இல்லாததால் நீல வண்ணம் மிச்சம்.

கண்காட்சி வைக்கிறேன் என்று ஊரில் சொல்லிவிடாதீர்கள். கிருஷ்ணகிரியில் கண்காட்சி என்றால் மாங்கனிக் கண்காட்சி ஒன்றுதான். “பெங்களூராவா, செந்தூராவா?” என்று பையோடு வந்து நிற்பார்கள். நிஜமாகப் படம் விற்க, ஜனவரியில் பெங்களூர் குமாரகிருபா சாலைக்குப் போங்கள். கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்திரச் சந்தேயில் ரோட்டோரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நம்மைப் போல் இத்தனை பேர் வேலையை விட்டிருக்கிறார்களா என்று ஆறுதலாக இருக்கும். போட்டி இவ்வளவா என்ற பயம் மதியத்துக்கு மேல்தான் வரும்.

எல்லையில் வாழ்கிறவர் ஒரு சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால் ஜி.எஸ்.டி. பதிவுக்கு ஒரு விற்பனை வரம்பு உண்டு. மாநிலம் தாண்டினால் ஒரே ஒரு பொருளுக்கும் பதிவு வேண்டும் என்பது பொது விதி. அரசு பட்டியலிட்ட கைவினைப் பொருட்களுக்கு மட்டும் ஒரு வரம்பு வரை விலக்கு. சென்னைக்காரர் கன்னியாகுமரி வரை நிம்மதியாக விற்பார். நான் ஆந்திராவில், குப்பத்தில் இருக்கும் சித்திக்கு ஒரு ஜிமிக்கி விற்றால் அது மாநிலங்களுக்கு இடையிலான வர்த்தகம். சித்தி இதுவரை காசு கொடுத்ததில்லை, ஆகவே சிக்கல் வரவில்லை. கடன் வேண்டுமானால் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது: 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். வயது 35 ஆகியிருக்க வேண்டும். நடுவயதுக் கிறுக்குக்கு அரசாங்கமே தகுதி வயது வைத்திருக்கிறது.

காலை ஐந்தே காலுக்கு ஏ ஷிப்ட் பஸ் எங்கள் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது இன்னமும் விழிப்பு வந்துவிடுகிறது. பழக்கதோஷத்தில் டிரைவர் அண்ணன் என் வீட்டருகே ஸ்லோ பண்ணுவார், நான் வாசலில் நின்று கையை ஆட்டிப் போகச் சொல்வேன். போன வாரம் வண்டியை நிறுத்தி இறங்கியே வந்துவிட்டார். திண்ணையில் காயவைத்திருந்த ஜிமிக்கியில் ஒன்றைப் பொறுக்கினார்.

“பாப்பாவுக்கு. எவ்ளோ தம்பி?”

“அது இன்னும் வேகலண்ணா. வெந்தது உள்ள இருக்கு, நூத்தியெண்பது.”

பஸ்ஸிலிருந்து ஹாரனுக்குப் பதிலாக ஆட்கள் கத்தினார்கள், பஞ்ச் லேட் ஆகும் என்று. அவர் அசையவில்லை.

“நம்ம கம்பெனி ஆளுக்கு நூத்தியம்பது போட்டுக் குடுப்பா” என்றார்.