பொடக்காலியில் கிடக்கும் கதை

கோவைக் கல்லூரி விடுதிகளில் ஒரு ரகம் உண்டு. ஆங்கில நாவலில் ‘ரிஸ்’ கண்ணில் பட்டால் நள்ளிரவிலும் நண்பனை எழுப்பிப் பொருள் கேட்பார்கள். ஆளை மயக்கும் வசீகரமாம். 2023-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்டுச் சொல். கையோடு இன்னொன்று: “மாப்ள, கதை எழுத ஐடியா சொல்லுடா.”

ஐடியா பொடக்காலியிலேயே கிடக்கிறது.

பொடக்காலி? வீட்டின் புழக்கடைதான். நண்பனுக்கும் தெரியாது, அவன் அபார்ட்மெண்ட்வாசி. ஒறம்பரை என்றால் விருந்தாளி என்பதும் அப்படியே. இந்தக் கொங்குப் பேச்சுத்தமிழை ஆர். சண்முகசுந்தரம் 1942-லேயே ‘நாகம்மாள்’ நாவலில் ஏற்றினார். பெருமாள்முருகன் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யே தொகுத்துவிட்டார்.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியோ 2016-இல் ‘ஐயோ’வைச் சேர்த்துக்கொண்டது. இனி அமுச்சி (பாட்டிதான்) ‘ஐயோ’ என்றால், வெளிநாட்டு ஸ்லாங் என்று பேரன் குறித்துக்கொள்வான்.