‘அதோ’: வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ஒரு சுட்டுச்சொல் படும் பாடு

பறவை பார்த்தல் கண்ணின் தொழில் என்று பறவையியலார் நம்பி வருகிறார்கள். அது முழுக்க முழுக்க வாயின் தொழில், அதிலும் ‘அதோ’ என்ற ஒற்றைச் சொல்லின் தொழில் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களம், செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல். காலம், ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆய்வுக்கு உட்பட்டவர் என் மாமனார். மாமியார் ஆய்வுக்கு இசையாமல் புளியோதரைத் தூக்கோடு நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

கரைமேல் நாங்கள். எதிரே தண்ணீருக்குள் நீர்க்கடம்பும் கருவேலமும். அவற்றில் இலை எது, இறக்கை எது என்று தெரியாத நெரிசல். மாமனார் கையை நீட்டினார்.

“அதோ பாருங்க மாப்ள, கூழைக்கடா.”

“எங்க மாமா?”

“அதோ, அந்த மரத்துல. வெள்ளையா ஒண்ணு உக்காந்திருக்கு பாருங்க.”

வேடந்தாங்கலில் வெள்ளையாக ஒன்று என்பது, திருப்பதியில் மொட்டையாக ஒருவர் என்பதற்குச் சமம். நான் தேடிப் பிடித்த வெள்ளை, அரிவாள் மூக்கனாக இருந்தது. அதற்குள் மாமனாரின் கூழைக்கடா பறந்துவிட்டதாம். அது தொடக்கம் முதலே கரண்டிவாயன்தான் என்பது என் துணிபு. குடும்ப நலன் கருதி அதை வலியுறுத்தவில்லை. ஏழு மணியிலிருந்து அவருடைய ‘அதோ’க்களை எண்ணிக்கொண்டு வந்தேன். நாற்பதோடு நிறுத்திவிட்டேன்.

பைனாகுலர் இருந்தால் இச்சிக்கல் தீரும் என்பார் உளர். கண்ணில் அதை வைத்தால் மாமனாரின் விரல் தெரியாது. எடுத்தால் பறவை தெரியாது.

நோயின் வேர் இலக்கணத்தில் இருக்கிறது. தொல்காப்பியர் சுட்டெழுத்து மூன்று என்றார். அருகில் இருப்பதற்கு இகரம், தொலைவுக்கு அகரம், இரண்டுக்கும் நடுவே உகரம். தமிழ்நாட்டுப் பேச்சில் அந்த உகரம் எப்போதோ உதிர்ந்துபோனது. நத்தை குத்தி நாரையோ சரியாக அந்த நடுத்தொலைவில் கூடு கட்டுகிறது. ‘இதோ’ என்றால் கைக்கு எட்ட வேண்டும். ‘அதோ’ என்றால் மதுராந்தகம் வரை அடங்கும். இடையிலுள்ள ஏரிக்கு நம்மிடம் சொல் இல்லை.

அப்படியானால் உள்ளூர்க்காரர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்ற தடை எழும். அவர்கள் அண்ணாந்து பார்க்கவே இல்லை என்பது விடை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்று அவர்கள் கண்டிருந்தார்கள். பறவைகளைச் சுடக் கூடாது என்று முறையிட்டு, 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் கௌல் என்னும் உறுதிப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். உலகம் 2022இல்தான் இந்த ஏரியை ராம்சர் ஈரநிலமாக ஏற்றது. பறவை இருக்கிறதா என்று நெற்கதிரைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களுக்கு ‘அதோ’ எதற்கு?

நெல் விளைவிக்காத நமக்குத்தான் மருந்து தேவை. நல்லவேளையாக யாழ்ப்பாணத்தில் ‘உது’வும் ‘உவ’னும் இன்னும் புழங்குகின்றன. எனவே யாழ்ப்பாணத்து அன்பர் யாரேனும் வந்து, என் மாமனார் அருகே நின்று, அந்தக் கூழைக்கடாவை ஒரே ஒருமுறை ‘உது’ என்று காட்டித்தர வேண்டுகிறேன். நவம்பர் முதல் மார்ச் வரை எந்த ஞாயிறும் வசதிதான். புளியோதரை எங்கள் பொறுப்பு.