ஆறாவது விரலுக்கு யார் பொறுப்பு?

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவர்,
கும்பகோணம்.

பெறுநர்:
கடல் விளையாட்டுகளுக்கு அனுமதி வழங்கும் மாண்புமிகு அலுவலர் அவர்கள்,
அந்தமான் தீவுகள்.

(அலுவலகத்தின் முழுப்பெயரை எழுதாததற்குப் பொறுத்தருள வேண்டும். டிக்கெட்டில் குத்தியிருந்த முத்திரை கடல்தண்ணீர் பட்டுக் கரைந்துவிட்டது. இப்போது நீலமாக ஒரு சொறிமீன் படுத்திருப்பது மாதிரி இருக்கிறது.)

பொருள்: ஜெட் ஸ்கி சவாரி – ஐந்து நிமிடம் – கைப்பிடி ஒருவரிடமும், ஆக்சிலேட்டர் இன்னொருவரிடமும், பொறுப்பு முதலாமவரிடமும் இருந்தது – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் நனைந்த டிக்கெட். 2. நான் கையெழுத்திட்ட படிவம். 3. என் மனைவியின் செல்போன் கடிகாரம்.

ஐயா,

34 ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து, வந்த மனுக்களுக்கெல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் எழுதிய கை இது. முதல்முறையாக மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று மனு எழுதுகிறது. எழுத்து நடுங்கினால் வயது என்று நினைக்க வேண்டாம், சவாரியின் மிச்சம்.

என் மகள் மத்திய அரசு ஊழியை. சொந்த ஊருக்குப் போய்வரும் எல்.டி.சி. சலுகையை மாற்றிக்கொண்டு அந்தமானுக்கு விமானத்தில் போகலாம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. அதாவது எங்களைப் பார்க்க வரவேண்டிய சலுகையை மாற்றி, எங்களையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். என் ஓய்வூதியம் வரம்பைத் தாண்டுவதால் சலுகை அவளுக்கு, எங்கள் டிக்கெட் எங்களுக்கு. இந்தப் பயணத்தில் பொறுப்பு என் தலையில் விழுந்த முதல் இடம் இது. இரண்டாவது இடம் தங்கள் கவுன்ட்டர்.

எந்தக் கடற்கரை என்று நான் குறிப்பிடப்போவதில்லை. காரணம் கடிதத்தின் பின்பகுதியில் தங்களுக்கே விளங்கும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் இரண்டரை மணி. "மூணு மணிக்கு மூடிருவோம்" என்றார் கவுன்ட்டர்காரர். இவ்வளவு சீக்கிரம் மூடும் அலுவலகத்தைப் பார்த்து ஒரு சக ஊழியனாக எனக்குப் பொறாமையே வந்தது. பிறகுதான் மகள் விளக்கினாள்: இந்தியாவின் கடிகாரம் மிர்சாப்பூர் பக்கத்துத் தீர்க்கரேகையைப் பார்த்து ஓடுகிறது, அந்தமான் அதற்குப் பத்து டிகிரி கிழக்கே கிடக்கிறது, குளிர்காலத்தில் ஐந்தரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். சூரியன்கூடத் தங்கள் தீவில் டெல்லி நேரப்படி கையெழுத்துப் போட்டாக வேண்டியிருக்கிறது. நான் எம்மாத்திரம்?

பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டு ஒன்று என் பர்ஸில் இருந்தது. அதன் பின்பக்கத் தென்னைகளும் கலங்கரை விளக்கமும் தங்கள் தீவின் நார்த் பே காட்சிதான் என்று கேள்விப்பட்டு, ஒத்துப்பார்க்க ஊரிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். அந்த நோட்டில் எத்தனை சேர்ந்தால் ஒரு ஜெட் ஸ்கி டிக்கெட் என்று கணக்குப் போடத் தொடங்கினேன். "கடலைப் பாருங்க, கணக்கை ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்றாள் மனைவி. பணத்தைக் கட்டினேன்.

அடுத்துப் படிவம். பெயர், தந்தை பெயர், வயது. இதய நோய் உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, முதுகுவலி உண்டா, கர்ப்பமாக இருக்கிறீர்களா. எனக்கு இரத்த அழுத்தம் உண்டு. உண்டு என்று எழுதினால் சவாரி கிடையாது. இல்லை என்று எழுதினால் பொய். பேனா தயங்குவதைப் பார்த்த கவுன்ட்டர்காரர், "எல்லாத்துக்கும் நோ போடுங்க சார்" என்றார். போட்டேன். அவசரத் தொடர்புக்கு யார் என்ற கட்டத்தில் மனைவியின் பெயரை எழுதினேன். அவள் என் முழங்கையை இடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கடைசி வரி மட்டும் தடித்த எழுத்து: நடப்பது எதுவானாலும் சவாரி செய்பவரின் சொந்தப் பொறுப்பு.

ஐயா, நானும் என் காலத்தில் இப்படிப் பல வரிகள் எழுதியவன்தான். இவ்வளவு சுருக்கமாக எழுத எனக்குக் கடைசிவரை வரவில்லை. பாராட்டுகள்.

ஒரு சந்தேகம் மட்டும். கவுன்ட்டரிலிருந்து இருபது அடி தள்ளி, உவர்நீர் முதலை நடமாட்டம் உண்டு, தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று ஒரு பலகை இருந்தது. படிவத்தில் முதலையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. 'எதுவானாலும்' என்ற சொல்லுக்குள் முதலையும் அடக்கமா?

லைஃப் ஜாக்கெட்டை 'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனையில் பெற்றுக்கொண்டேன். எனக்கு முன் போட்டவரின் ஈரமும் சூடும் அதில் மிச்சம் இருந்தன. மூன்று கிளிப்பில் இரண்டு பூட்டின. மூன்றாவதை ஒரு நைலான் கயிற்றால் முடிந்துவிட்டார்கள். அரசு அலுவலகத்தில் பீரோக் கதவை மூடும் அதே முடிச்சு. வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

கைடு ஓர் இளைஞன். இருபத்திரண்டு வயது இருக்கலாம். இந்தியில் ஏதோ விளக்கினான். வண்டியில் கால் வைத்ததும் அது ஒருபக்கம் சாய, நான் "ஐயோ முருகா" என்றேன். உடனே தமிழுக்கு மாறினான். "தமிழா அங்கிள்? பயப்படாதீங்க. ஹேண்டிலைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. ஆனா திருப்பாதீங்க."

கெட்டியாகப் பிடிக்க வேண்டும், திருப்பக் கூடாது. எனக்குப் பணி நியமன ஆணை வந்த அன்று என் மேலதிகாரி சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

நான் முன்னால் உட்கார்ந்தேன். அவன் பின்னால். என் வலது அக்குளுக்கு அடியில் அவன் கை நுழைந்து, கைப்பிடிக்குக் கீழே துப்பாக்கி விசை மாதிரி இருந்த ஒரு நெம்பைச் சுட்டுவிரலால் பிடித்துக்கொண்டது. அதுதான் ஆக்சிலேட்டர். அவன் மணிக்கட்டில் ஒரு சிவப்புச் சுருள் கயிறு; அதன் மறுமுனை வண்டியில். ஓட்டுபவர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும் என்றான். நல்ல ஏற்பாடு. "நான் விழுந்தா?" என்று கேட்டேன். "நான் இருக்கேன்ல அங்கிள்" என்றான். ஆக, அவன் விழுந்தால் எஞ்சினுக்குத் தெரியும். நான் விழுந்தால் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த வாகனத்தின் பூர்வீகத்தை ஊருக்கு வந்து விசாரித்தேன். கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர் தரையில் விழுந்து விழுந்து அலுத்து, விழுவதுதான் விழுகிறோம், தண்ணீரில் விழலாமே என்று யோசித்ததில் பிறந்ததாகச் சொல்கிறார்கள். கவாசாகி 1973இல் 'ஜெட் ஸ்கி' என்று பெயரிட்டு விற்ற வண்டியில் இருக்கையே கிடையாது. ஒரே ஆள், நின்றுகொண்டு ஓட்ட வேண்டும். விசை, திசை, விழுகை மூன்றும் அந்த ஒருவருக்கே சொந்தம். தங்கள் கடற்கரைக்கு வருவதற்குள் இந்த மூன்றும் பாகப்பிரிவினை ஆகிவிட்டன. விசை கைடுக்கு. திசையும் அவனுக்கே. விழுகை எனக்கு.

புறப்பட்டோம். மறுக்கமாட்டேன் ஐயா, முதல் முப்பது விநாடி என் வயதில் நாற்பதைக் கழித்துவிட்டது. அலைமேல் வண்டி தட்டித் தட்டிப் போனது, மழைக்காலத்தில் நாச்சியார்கோவில் சாலையில் டவுன்பஸ் போவது மாதிரி. குழிகள் மட்டும் நீலம். "சூப்பரா ஓட்றீங்க அங்கிள்" என்றான். நானும் நம்பத் தொடங்கினேன்.

கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் வேகத்தைக் குறைத்தான். போட்டோ எடுக்கும் இடமாம். அங்கே ஒரு படகில் கேமராவோடு இன்னொரு பையன். "லெஃப்ட் கையத் தூக்குங்க, சிரிங்க" என்றான். தூக்கினேன். அந்த நொடியில் என் முதுகுக்குப் பின்னால் ஏதோ நடந்தது. கைடு தலையைக் குனிந்து, தோளைச் சுருக்கி, முழங்காலை என் தொடையோடு ஒட்டிவைத்து, என் உடம்புக்குள் மறைந்துவிட்டான். படத்தில் நான் தன்னந்தனியாகக் கடலை ஆண்டுகொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை அவன் இப்படி இல்லாமல் போகிறானோ.

அன்றிரவே படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கைதட்டல்கள், தீச்சுடர்கள். அரைமணி நேரம் கழித்துத் தம்பி மகன் படத்தைப் பெரிதாக்கி அனுப்பினான்: "பெரியப்பா, உங்க வலது கையில ஆறு விரல் இருக்கே?" ஆமாம். என் ஐந்து விரல்களுக்குக் கீழே, உப்பில் வெளுத்து வெடித்த கறுத்த விரல் ஒன்று, நெம்பை இழுத்தபடி. "சின்ன வயசுலயே டாக்டர்கிட்ட காட்டியிருக்கணும்" என்று மதுரையிலிருந்து மைத்துனி எழுதினார்.

சவாரி நேரம்: டிக்கெட்டின்படி ஐந்து நிமிடம். மனைவியின் செல்போன்படி, போட்டோவுக்கு நின்றதையும் சேர்த்து, மூன்று நிமிடம் நாற்பது விநாடி. என் கைக்கடிகாரத்தைக் கவுன்ட்டரிலேயே பாதுகாப்புக்காக வாங்கி வைத்துவிட்டதால் இதை மறுக்க என்னிடம் சாட்சியம் இல்லை.

அடுத்து வரும் பத்தி அலுவல் சார்ந்ததல்ல. படித்ததும் மறந்துவிடக் கோருகிறேன்.

திரும்பும் வழியில், "தம்பி, ஒரே ஒரு தடவ ஆக்சிலேட்டரைக் குடேன்" என்றேன். யோசித்தான். "பத்து செகண்ட் அங்கிள். யார்கிட்டயும் சொல்லக்கூடாது." விரலை எடுத்தான். நான் இழுத்தேன். வண்டியின் மூக்கு எழும்பியது. எதிரே நங்கூரம் போட்ட ஒரு படகு. ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய உடம்பு தனக்குத் தெரிந்ததைச் செய்தது: ஆக்சிலேட்டரை விட்டேன், வலது காலால் பிரேக்கைத் தேடினேன். பிரேக் இல்லை. கைப்பிடியை இடப்பக்கம் ஒடித்தேன். வண்டி திரும்பவில்லை, என் கையெழுத்தை மதித்து நேராகப் படகை நோக்கிப் போனது. ஆறாவது விரல் வந்து என் விரலை அமுக்கி இழுத்தது. எஞ்சின் உறுமியது, வண்டி திரும்பியது, படகு எங்கள் வலப்பக்கமாகக் கடந்தது. அதில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தக்கூட இல்லை. "கேஸ விட்டா ஹேண்டில் செத்துரும் அங்கிள்" என்றான் அவன், சாவகாசமாக.

பத்தி முடிந்தது. மறந்துவிட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அவன் சொன்னது சரியே. இந்த வண்டிக்குச் சுக்கான் கிடையாது. அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சுகிறது. அந்தப் பீய்ச்சலின் வாயைத் திருப்பினால் வண்டி திரும்பும். பீய்ச்சல் நின்றால் கைப்பிடி வெறும் அலங்காரம். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1998இலேயே இவ்வகை வண்டிகளைப் பற்றிய ஆய்வில் இந்தக் குணத்தைப் பேசியிருக்கிறது. 2009 வாக்கில் ஒரு நிறுவனம் பிரேக் வைத்த வண்டியும் கொண்டுவந்தது. எனக்கு வாய்த்தது அதற்கு மூத்தது. ஆக, ஐயா, ஆக்சிலேட்டர் இல்லாதவர் கையில் கைப்பிடி இருப்பதற்கு இயந்திரவியல்படி பொருளே இல்லை. அந்தப் பொருளில்லாத ஒன்றைப் பிடித்திருந்தவரிடம்தான் தாங்கள் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்கள். 34 ஆண்டுகளாகக் கோப்பைக் கெட்டியாகப் பிடித்திருந்து, திருப்பாமல் இருந்து, தணிக்கை வந்தால் விளக்கம் எழுதியவன் என்ற முறையில் இந்த நடைமுறை எனக்குப் புதிதல்ல. கடலிலும் அமலில் இருப்பதுதான் புதிது.

கரையில் இறங்கியதும் பையனிடம் ஊரைக் கேட்டேன். "தாத்தா ராமநாதபுரம். கப்பல்ல வந்தாரு. நான் இன்னும் அந்த ஊரைப் பாத்ததில்ல." படிவத்தில் நீ எங்கே கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டேன். சிரித்தான். "எனக்கு எதுக்கு அங்கிள் ஃபார்ம்?" அதற்குள் அடுத்த ஆள் கால் வைக்க, வண்டி சாய்ந்தது. இவன் இந்திக்கு மாறினான்.

எனவே கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான பரிசீலனைக்குப் பணிவுடன் வைக்கிறேன்:

1. 'ஜெட் ஸ்கி ஓட்டலாம்' என்ற பலகையை 'ஜெட் ஸ்கியில் உட்காரவைத்துக் கூட்டிப்போகப்படும்' என்று திருத்தலாம்.

2. ஐந்து நிமிடம் என்பது எந்தத் தீர்க்கரேகைப்படி என்று டிக்கெட்டிலேயே அச்சிடலாம்.

3. முதலைப் பலகையும் டிக்கெட் கவுன்ட்டரும் ஒன்றையொன்று படித்துப் பார்க்க ஏற்பாடு செய்யலாம்.

4. 'சொந்தப் பொறுப்பு' என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்து, ஆக்சிலேட்டரைப் பிடித்திருப்பவரின் பெயர், வயது, பயிற்சி, அன்று அவர் கடலில் இருந்த நேரம், அவருக்குக் காப்பீடு உண்டா என்பவற்றுக்குக் கட்டம் போடலாம். இதில் மட்டும் எல்லாவற்றுக்கும் 'நோ' போடச் சொல்ல வேண்டாம்.

நாலாவது கோரிக்கைக்குச் சாட்சியாகச் சொல்ல எனக்கு ஒரு சம்பவம் தெரியும். அதைத் தாங்கள் ஏற்கெனவே மறந்துவிட்டபடியால் திரும்ப எழுதவில்லை.

தங்கள் பதில் 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தால் வருந்தமாட்டேன். அதன் பொருள் எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
கைப்பிடியை மட்டும் பிடித்திருந்தவர்.

இணைப்பு: புகைப்படம் – 1. ஆறாவது விரலைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். அதற்கு உரியவரின் பெயர் தங்கள் பதிவேட்டில் எங்கேனும் இருந்தால் தெரிவிக்கவும். பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அனுப்ப வேண்டும்.