மாண்புமிகு 60 சதவீதம் அவர்களுக்கு

அனுப்புநர்: 58.5 சதவீதம், தர்மபுரி மாவட்டம் (தற்சமயம் பெங்களூரு).

பெறுநர்: மாண்புமிகு 60 சதவீதம் அவர்கள், ஆள் எடுக்கும் பிரிவு, வெளிவட்டச் சாலை, பெங்களூரு.

பொருள்: 18 மதிப்பெண் குறைந்தமைக்கு மன்னிப்புக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம். அரியர் கூடாது. நடுவில் ஒரு வருடம்கூட விட்டிருக்கக் கூடாது. எந்த சாஃப்ட்வேர் வேலை விளம்பரத்தைத் திறந்தாலும் தாங்கள்தான் வாசலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் பிளஸ் டூவில் 1200-க்கு 702. 720 வாங்கியிருந்தால் உள்ளே விட்டிருப்பீர்கள். அந்தப் பதினெட்டும் வேதியியலில் போனது. பென்சீன் வளையத்தைக் கோணலாக வரைந்தவன் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதினால் நாடு என்னாகும் என்ற தங்கள் கவலை நியாயமானதே.

தாங்கள் அனுப்பிய 'வருந்துகிறோம்' மின்னஞ்சல்கள் பல, விண்ணப்பித்த இரண்டே நிமிடத்தில் வந்தன. இவ்வளவு சீக்கிரம் வருந்த மனிதரால் முடியாது.

அந்த மின்னஞ்சல்கள் வந்த வருடம் முழுக்க பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடையில் நின்றேன். ஸ்டாக் எல்லாம் நீளமான பேரேட்டில். ஒரே ரேமை முதலாளி ஒரு பெயரிலும் அவர் மச்சான் வேறு பெயரிலும் எழுதுவார்கள். சாயங்காலம் கணக்கு உதைக்கும். ஷட்டரைப் பாதி இறக்கியபின், விலைபோகாமல் கிடந்த மானிட்டரில் யூடியூப் பார்த்துப் பைத்தான் கற்றுக்கொண்டு, அந்தப் பேரேட்டைப் புரோகிராமாக மாற்றினேன். ஹார்டு டிஸ்க் வாங்க வந்த ஒருவர் திரையை எட்டிப் பார்த்து, "யாரு மாடித்து இது?" என்று கன்னடத்தில் கேட்டார். முதலாளி என்னைக் காட்டினார். மறுநாள் அந்த வாடிக்கையாளர் தன் சின்ன ஆபீஸில் என்னை உட்காரவைத்து ஒரு புரோகிராமைக் கொடுத்தார். திரும்பி வந்த சரக்கை அது இரண்டு தடவை கழித்துக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் சரிசெய்தேன், வேலை கிடைத்தது. என்ன படித்திருக்கிறாய் என்று அவர் கேட்டது மூன்று மாதம் கழித்து, பி.எஃப். படிவம் நிரப்பும்போதுதான்.

தங்கள் ஊர்க் கதை ஒன்றையும் நினைவூட்டலாமா? 1966-இல் அப்பா இறந்துபோக, ஸ்டான்ஃபோர்டு படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 21 வயதில் குடும்பக் கம்பெனியை ஏற்றவர் அசீம் பிரேம்ஜி. வனஸ்பதி விற்றுக்கொண்டிருந்த அந்தக் கம்பெனிதான் பிறகு விப்ரோ. விட்ட பட்டத்தை அவர் வாங்க 30 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அந்த 21 வயதுப் பையன் இன்று விண்ணப்பித்தால் தங்கள் கணினி என்ன குறிக்கும்? பட்டம்: முடிக்கவில்லை. முன் அனுபவம்: வனஸ்பதி. முடிவு: வருந்துகிறோம்.

எங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் ஸோஹோ என்ற சாஃப்ட்வேர் கம்பெனி இருக்கிறது. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துக் கற்றுக்கொடுத்து வேலைக்கு எடுக்கிறது. இருபது ஆண்டாக இதைச் செய்தும் கம்பெனி மூழ்கிவிடவில்லை.

ஒரு வேலைக்கு ஆயிரம் பேர் வந்து நின்றால் சல்லடை வேண்டும்தான், ஒப்புக்கொள்கிறேன். சல்லடை இருப்பது கல்லைப் பொறுக்க. 17 வயதில் எழுதிய வேதியியல் தேர்வு எதைப் பொறுக்கும்?

ஆகவே, தாங்கள் வாசலைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருமாறும், வாசலில் பிழையுள்ள புரோகிராம் ஒன்றை வைத்து ஒரு மணி நேரம் கொடுக்குமாறும், சரிசெய்தவரிடம் மதிப்பெண்ணை அப்புறம் கேட்டுக்கொள்ளுமாறும் பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்களுக்கு 1.5 சதவீதம் கீழ்ப்படிந்துள்ள,
எஸ்.பி. ரோட்டுக் கடைப்பையன்

பின்குறிப்பு: 58.5 எழுதிய கடிதத்தைத் தங்கள் கணினி திறக்காது என்பது தெரியும். அதனால்தான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.