மகள் மக்களான கதை: திருவரங்க வட்டார விசைப்பலகைப் பிணிகள் குறித்து ஓர் ஆய்வு

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவிலும், தென்கரையில் மலைக்கோட்டையைச் சுற்றியும் டிடிபி கடைகள் ஏராளம். அங்கே உழைத்து ஓய்ந்த பழைய கீபோர்டுகளுக்கு வரும் நோய்களைப் பற்றி எவரும் முனைவர் பட்டம் வாங்கியதாகத் தெரியவில்லை. கோயில் கல்வெட்டுகளைப் படியெடுக்க எத்தனையோ பேர் வந்து போனார்கள். அதே வீதியில் கல்யாணப் பத்திரிகை அடித்துத் தரும் கடையின் பிழைகளைப் படியெடுக்க ஒருவரும் வரவில்லை. இக்குறையைப் போக்கவே இவ்வாய்வு.

இதன் கருதுகோள் எளியது. கீபோர்டைக் கழற்றாமலே, அதில் அடித்து வெளிவந்த நோட்டீசைப் படித்தே நோய் இன்னதென்று சொல்லிவிடலாம். ஆகவே இவ்வாய்வின் முதன்மைச் சான்றுகள் பத்திரிகைகள், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள், மருந்துக்கடை விலைப்பட்டியல்கள். மல்டிமீட்டர் துணைச்சான்று மட்டுமே.

ஆய்வுப் பொருளாக டிவிஎஸ் கோல்ட் கீபோர்டை எடுத்துக்கொள்கிறேன். டிடிபி ஆபரேட்டர்களுக்கும் வங்கிக் கவுன்ட்டர்களுக்கும் பல ஆண்டுகள் அதுதான் செல்லப்பிள்ளை. அதன் பழைய தலைமுறையில் ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்து நீல ஸ்விட்சுகள் இருந்தன. ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்பிரிங், தனித் தகடு, தனி ‘டிக்’. அழுத்தினால் 4 மில்லிமீட்டர் இறங்கும்; பாதி வழியிலேயே எழுத்து விழுந்துவிடும். ஆயுள் 5 கோடி அழுத்தம் என்பது தயாரித்தவர்கள் கணக்கு. முகூர்த்த மாதங்களில் திருச்சியில் பத்திரிகை அடிக்கும் வேகத்தை அவர்கள் கணக்கில் சேர்த்தார்களா என்பது வேறு கேள்வி.

முதல் நோய், இரட்டிப்பு. ஒரு முறை தட்டினால் இரண்டு எழுத்து விழும். உள்ளே இரு உலோகத் தகடுகள் தொடும்போது ஒரேயடியாக ஒட்டுவதில்லை. ஒரு கணம் துள்ளிவிட்டுத்தான் அமைகின்றன. புது ஸ்விட்சில் அந்தத் துள்ளல் 5 மில்லி செகண்டுக்குள் அடங்கும், கீபோர்டின் சிப்பும் அதுவரை கண்டுகொள்ளாமல் இருக்கும். அழுக்கும் களிம்பும் ஏறிய தகடு அதற்கு மேலும் துள்ளும். சிப் அதை இரண்டாவது அழுத்தம் என்று எடுத்துக்கொள்ளும்.

ஆங்கிலத்தில் இது வெறும் பிழை. தமிழில் இலக்கணமாகிவிடுகிறது. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை முறையில், ஒரு மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே வந்து உட்காரும். ஆகவே ‘க’ விசை துள்ளினால் ‘எங்கள் மகள்’ என்பது ‘எங்கள் மக்கள்’ ஆகிறது. பெண்ணின் தகப்பனார் ஒரே வரியில் கட்சித் தலைவராகிவிடுகிறார். ‘ல’ துள்ளினால் மலைக்கோட்டை மல்லைக்கோட்டை ஆகும். மருந்துக்கடையின் விலைப்பட்டியல் வில்லைப்பட்டியல் ஆகும். இந்தக் கடைசி வகைதான் ஆபத்தானது. மருந்துக்கடையில் வில்லைப்பட்டியல் என்றால் பொருள் சரியாகவே இருப்பதால் பிழை பிடிபடாமல் சுவரில் ஆண்டுக்கணக்கில் தொங்கும்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பழகி வந்த ஆபரேட்டர், பழைய தட்டச்சு முறையிலேயே அடிப்பார். அங்கே புள்ளி தானாக வராது. அதே நோய் அவர் கையில் ‘மககள்’ என்று வெளிப்படும். எனவே ஒரு பத்திரிகையைப் பார்த்து ஸ்விட்சின் உடல்நிலையோடு அடித்தவர் எந்தப் பள்ளியில் படித்தவர் என்பதையும் சொல்லிவிடலாம். கைரேகை நிபுணர்கள் கவனிக்க.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்குகொண்டவர். அந்த இயந்திரத்தில் முதல் அழுத்தத்துக்குப் பிறகு எத்தனை முறை அழுத்தினாலும், அதிகாரி அடுத்த வாக்காளருக்குத் திறந்துவிடும்வரை எதுவும் பதிவாகாது. இரட்டிப்பு நோயே அண்டாத பொத்தானைச் செய்த ஊர்க்காரர் இருந்தும், அவர் தெருவின் டிடிபி கடைகளுக்கு அந்தப் பயன் வந்து சேரவில்லை.

இரண்டாம் நோய், விசை மரணம். எந்த விசை செத்தால் எந்த ஊர் பாதிக்கப்படும் என்பதை இவ்வாய்வு முதன்முறையாக வரையறுக்கிறது. தமிழ்99இல் புள்ளி, எஃப் விசையில் இருக்கிறது. அது செத்துவிட்டது என்று வையுங்கள். ‘திருச்சிராப்பள்ளி’க்கு ஒரு கீறலும் இல்லை. அதன் ச்ச, ப்ப, ள்ள மூன்றும் தாமாகவே புள்ளி பெறுவன. 14 தட்டில் ஊர் பத்திரமாக வந்து சேரும். மணப்பாறையும் துவாக்குடியும் அப்படியே தப்பும். ஸ்ரீரங்கம் தப்பாது. இன எழுத்துகள் சேர்ந்த ங்கவும் தானாகப் புள்ளி பெற்று அமைந்தாலும் கடைசி ‘ம்’முக்கு எஃப் வேண்டும். ‘ஸ்ரீரங்கம’ என்று வாய் திறந்தபடியே நிற்கும். உறையூர், ‘உறையூர’ ஆகும். லால்குடியோ ‘லாலகுடி’ என்று குழந்தை மழலையில் வரும். மாநகராட்சி எல்லை பற்றிய விவாதங்களில் இந்தப் பிரிவினையை யாரும் எழுப்பாதது வியப்பு.

ஒரு விசை மட்டும் செத்ததா, பல விசைகள் ஒன்றாகச் செத்தனவா என்பதைப் பார்ப்பது முக்கியம். 104 விசைக்கு 104 கம்பி இழுக்க முடியாது. குறுக்கும் நெடுக்குமாகச் சில வரிசைகளில் கோத்திருப்பார்கள். ஸ்ரீரங்கத்து உத்திர வீதியில் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரியாவிட்டால் அது அந்த வீட்டு ஃபியூஸ். வீதியே இருண்டால் மின்வாரியம். இங்கும் அதே கதைதான். ஒற்றை மரணம் என்றால் ஸ்விட்ச், கூட்டு மரணம் என்றால் போர்டில் தடம் அறுந்திருக்கும் அல்லது சிப் போயிருக்கும்.

அடுத்து அகழாய்வு. 1960களில் உறையூரில் சென்னைப் பல்கலைக்கழகம் மண்ணடுக்குகளைத் தோண்டிப் பார்த்தது. அதே முறையில் விசை மூடிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தோமானால் காலவரிசை தெளிவாகத் தெரியும். மேலடுக்கில் காகிதத் தூசி. அடுத்து தலைமுடி, ஸ்டேப்ளர் பின், காய்ந்த மல்லிகைக் காம்பு. அதற்கும் கீழே என்டர் விசையை ஒட்டிப் புளியோதரைக் கடலைப்பருப்பு ஒன்று, அதைத் தேடி வந்து திரும்பிப் போகாத எறும்புகள். அடித்தளத்தில் பழுப்பாகப் பாகு படிந்திருந்தால் அது காபி. காபியைவிட அதிலுள்ள சர்க்கரையே பாதகம்.

சிகிச்சை முறைகளில் இவ்வட்டாரத்தில் இரு கலைகள் உண்டு. வைணவத்தின் வடகலை சம்பிரதாயம், குரங்குக் குட்டிபோல ஜீவன் தானே முயன்று பற்றிக்கொள்ள வேண்டும் என்கிறது. தென்கலை, தாய்ப்பூனை கவ்விக்கொண்டு போகும், குட்டி சும்மா இருந்தால் போதும் என்கிறது. கீபோர்டு மெக்கானிக்குகளும் இப்படியே பிரிந்து நிற்கிறார்கள். குரங்குக் கட்சி உடனே ஸ்குரூ டிரைவரை எடுக்கும். பூனைக் கட்சி கீபோர்டைக் கவிழ்த்து முதுகில் நாலு தட்டுத் தட்டி, பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகி, ‘இப்போ பாருங்க சார்’ என்னும். பாதிக்குப் பாதி அது வேலையும் செய்துவிடுகிறது என்பதே குரங்குக் கட்சியின் தீராத எரிச்சல். ஆனால் வட்டமான பழைய பிஎஸ்/2 பிளக்கை, கம்ப்யூட்டர் ஓடும்போது பிடுங்கிச் செருகுவது பூனைக்கும் நல்லதல்ல. மதர்போர்டில் ஃபியூஸ் போனால் அருள் அங்கேயே நின்றுவிடும்.

குரங்குக் கட்சியின் வழி நீண்டது. முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சொட்டு, விசையைப் பலமுறை அழுத்தி விடுதல், நன்றாகக் காய விடுதல். இரட்டிப்பு பெரும்பாலும் இதிலேயே அடங்கும். அடங்காவிட்டால் சால்டரிங் அயர்னால் ஈயத்தை உருக்கி, பம்பால் உறிஞ்சி, ஸ்விட்சையே மாற்ற வேண்டும். மாற்று ஸ்விட்ச் எங்கே கிடைக்கும்? அதே கீபோர்டில்தான். ஸ்க்ரோல் லாக் விசையை வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். அதன் ஸ்விட்ச் கன்னி கழியாதது. அதைப் பெயர்த்து எஃப் இடத்தில் வைத்து ஈயம் போட்டால் ஸ்ரீரங்கத்துக்கு ‘ம்’ திரும்பிவிடும். அடுத்த தானத்துக்கு பாஸ் (Pause) விசை காத்திருக்கிறது.

வேலை முடிந்து மூடிகளை மாட்டும்போது ஓர் எச்சரிக்கை. எஃப், ஜே இரண்டின் மூடியிலும் விரலுக்குத் தட்டுப்படும் சிறு மேடு உண்டு. அவசரத்தில் இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்திவிட்டால் ஆபரேட்டர் பெண்ணுக்குத் தெரியவே தெரியாது. அவர் கீபோர்டைப் பார்த்து அடிப்பவரல்ல, விரலுக்கு மேடு கிடைத்தால் போதும். மாலையில் கணக்குப் பார்க்க வரும் முதலாளிதான் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி பாஸ்வேர்டு அடிப்பவர். தவறு, தவறு என்று அவரை அவருடைய சொந்தக் கம்ப்யூட்டரே வெளியில் நிறுத்தி வைக்கும். அவர் மெக்கானிக்குக்குப் போன் போடுவார். மெக்கானிக், ‘பிளக்கைப் பிடுங்கிச் செருகுங்க சார்’ என்பார்.