மச்சில் ஒரு குடித்தனம்

கேள்வி: எங்களுடையது பழைய ஓட்டு வீடு. மச்சில் வைத்த பட்டுச்சேலைப் பெட்டி முழுக்கப் பூஞ்சை! என்ன செய்ய?
– வாசகி, கரமனை, திருவனந்தபுரம்

பதில்: இடவப்பாதி, துலாவர்ஷம் என்று உங்களுக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம், பூஞ்சைக்கு இரண்டு தீபாவளி! உடைந்த ஓட்டை மாற்றாமல் சாம்பிராணி போட்டுப் பயனில்லை. அடுத்தது காற்று. கேரளத்துப் பழைய கூரைகளின் முக்கோண முகப்பில் மரச்சட்ட இடுக்குகள் இருக்குமே, அவை அழகுக்கு மட்டுமல்ல. ஈரக்காற்று வெளியேறும் வழி. வௌவால் வருகிறதென்று நம்மவர்கள் அதில் பலகை அடித்துவிடுவார்கள். உங்கள் ஊரில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிச் சுவரையே மூச்சுவிட வைத்தார். பலகையைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவலை அடியுங்கள். பெட்டி சுவரை ஒட்டாமல் நாலு விரல் தள்ளி இருக்கட்டும். சேலையையா? அடிக்கடி கட்டுங்கள். கட்டிய சேலையில் பூஞ்சை ஏறி நான் பார்த்ததில்லை.